மூலையில் நிற்கும் சைக்கிள்

குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பதற்கும் சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதற்கும் நமது வீடுகளில் அனுசரிக்கப்படும் முறை ஏறக்குறைய ஒன்றே. முதலில் நயமாகச் சொல்வது. பிறகு எதிர்வீட்டுக் குழந்தையின் சாமர்த்தியத்தை எடுத்துக் காட்டுவது. அதற்கும் மசியாவிட்டால் இரண்டு பேராகப் பிடித்துக்கொள்வது. விளக்கெண்ணெயாவது எப்படியோ உள்ளே போய்விடுகிறது. சைக்கிளோ, குழந்தை அழுதுகொண்டே இறங்கி ஓடிய பிறகு, மாடிப்படியின் கீழ் மூலையில் சாத்தப்படுகிறது. அதன்மேல் முதலில் ஒரு துண்டு உலர்கிறது. பிறகு பழைய பத்திரிகைக் கட்டு ஏறுகிறது. கடைசியில் இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கி, "இந்தக் குழந்தைக்குச் சைக்கிளே பிடிக்காது" என்று குடும்பத்தில் ஒரு தீர்ப்பு ஏற்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் செய்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டம், சில வருஷங்களுக்குள் அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் படிக்கும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது. சைக்கிள் வழங்கும் தினம் பள்ளிக்கூடத்தில் ஒரு திருவிழா. வண்டியை வாங்கியதும் பிள்ளைகள் ஏறி மிதித்து, மணியை விடாமல் அடித்துக்கொண்டு சிட்டாய்ப் பறந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் இரண்டொருவர் மட்டும் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். "ஏன் தள்ளிக்கொண்டு போகிறாய்?" என்று கேட்டால், "பஞ்சர், ஸார்" என்று பதில் வரும். அரைமணி நேரத்துக்கு முன்னால் லாரியிலிருந்து இறக்கிய வண்டியில் பஞ்சர் எங்கிருந்து வந்தது? விஷயம் என்னவென்றால், அந்தப் பிள்ளைக்கு விடத் தெரியாது. ஆறு வயதில் ஏற்பட்ட பயத்தைப் பதினாறு வயது வரையில் ரகசியமாகச் சுமந்து வந்திருக்கிறது. பதினாறு வயதில் அந்தப் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்வதால், அதைப் போக்குவது பத்து மடங்கு கஷ்டம். ஆகையால் ஆறு வயதில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் அற்ப விஷயம் அல்ல.

சைக்கிள் வேண்டாம் என்று சொல்லும் குழந்தைக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது நல்ல காரணமாகவே இருக்கும். நாம்தான் அதைப் பிடிவாதம் என்று பெயரிட்டு, விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதற் காரணம் அளவு. வளரும் பிள்ளை என்று தையற்காரரிடம் சட்டையைத் தாராளமாக வெட்டச் சொல்லும் நமது வழக்கம், சைக்கிள் கடைக்கும் நம்மோடு கூடவே வந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு 16 அங்குலச் சக்கரம் போதும் என்று கடைக்காரரே சொன்னாலும், "அடுத்த வருஷமே போதாமற் போய்விடுமே! 20 அங்குலமாகவே கொடுங்கள்" என்கிறோம். சட்டை பெரிதாயிருந்தால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். சைக்கிளை எங்கே மடிப்பது? ஸீட்டில் உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனிகூடத் தரையில் படுவதில்லை. தரை எட்டாத உயரத்தில், இப்படியும் அப்படியும் ஆடுகிற ஒரு வஸ்துவின்மேல் உட்காரமாட்டேன் என்பது கோழைத்தனமா? என்னைக் கேட்டால் அது புத்திசாலித்தனம் என்பேன்.

எடையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தை 17, 18 கிலோ இருக்கும். மலிவாகக் கிடைக்கும் இரும்புச் சைக்கிள், பக்கச் சக்கரம், கூடை, கேரியர் சகிதம் 10 கிலோவை எட்டிவிடும். அதாவது ஓட்டுகிறவரின் எடையில் பாதிக்கும் மேல். இந்தக் கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள தகப்பனாரை 40 கிலோ சைக்கிளில் ஏற்றி எதிர்காற்றில் மிதிக்கச் சொன்னால், அவரும் இரண்டாம் நாள் அதை மாடிப்படியின் கீழேதான் சாத்துவார். வர்ணத்தையும் கூடையையும் பார்த்துச் சைக்கிள் வாங்குவதைவிட, ஒரு கையால் தூக்கிப் பார்த்து வாங்குவது மேல்.

இங்கே வாசகர்களில் சிலர், "நாங்களெல்லாம் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொள்ளவில்லையா?" என்று ஆட்சேபிப்பார்கள் என்பதை அறிவேன். நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். சட்டத்தின் நடுவே வலது காலை நுழைத்து, உடம்பை வில்லாக வளைத்து, பாதிப் பெடல் மிதித்துப் பழகிய தலைமுறை எங்களுடையது. வாடகைக் கடையில் நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சின்ன வண்டி எடுத்து வந்தால், அந்த ஒரு மணியை நாலு பேர் நிமிஷக் கணக்காகப் பங்கு போட்டுக்கொள்வோம். முழங்கால் சிராய்ப்புக்கு மண்ணே மருந்து. வாஸ்தவம். ஆனால் எங்களைக் கற்கவைத்தது விழுந்த அடிகளா? அந்த இடத்தில் பெரியவர்கள் ஒருவரும் இல்லை என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே விடத் தெரியாதவர்கள். அடுத்தவன் முறை எப்போது முடியும் என்று ஏங்கி நின்றோமே, அந்த ஏக்கத்தை இன்றைக்கு வீட்டுக்கு வீடு தனிச் சைக்கிள் வாங்கிக் கொடுத்து நாம் இல்லாமற் செய்துவிட்டோம். ஓட்டச் சொல்லும் ஆட்கள் ஆறு பேர்; ஓட்டுவதற்குக் குழந்தை ஒன்று. இந்த நிலையில் எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை வரும்?

இரண்டாவது காரணம், நாம் கற்பிக்கும் வரிசை தலைகீழாக இருப்பது. இதற்குச் சைக்கிளின் பூர்வ சரித்திரத்தைச் சிறிது பார்க்கவேண்டும்.

1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, ஜெர்மானிய நாட்டு மான்ஹைம் நகரத்தில் கார்ல் திரைஸ் என்பவர் தாம் செய்த இரு சக்கர வண்டியில் ஏறிப் புறப்பட்டார். (மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஆகையால், தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தத் தேதி மறக்காது.) அந்த வண்டிக்குப் பெடல் கிடையாது, செயின் கிடையாது. ஒரு மரச்சட்டம், இரண்டு சக்கரம், திருப்புவதற்கு ஒரு பிடி. வண்டியின் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்ந்து, தரையை மாறி மாறி உதைத்துக்கொண்டு போகவேண்டியது. பெடல் என்பது 1860-களில்தான் பாரிஸ் நகரத்தில் வந்தது. அதுவும் முன் சக்கரத்தில். ஏறக்குறைய சம அளவான இரு சக்கரங்களும், பின் சக்கரத்தைச் சுழற்றும் செயினுமாக, நாம் இன்று சைக்கிள் என்று சொல்லும் உருவத்தை 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தார். ஆக, மனித ஜாதி முதலில் இரண்டு சக்கரத்தின்மேல் விழாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. மிதிக்கக் கற்றுக்கொண்டது நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து. நாமோ இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், பலகாரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று குழந்தையிடம் எதிர்பார்க்கிறோம்!

சரித்திரத்தை விடுமுன் இன்னொரு விஷயம். காற்றடைத்த டயருக்கு 1845-லேயே தாம்ஸன் என்பவர் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் உலகம் அதை மறந்துபோயிற்று. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியரான டன்லப் என்பவர், தமது சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் அதிர்வதைக் கவனித்து, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தினார். பிள்ளையின் வண்டி குலுங்குகிறதே என்று ஒரு தகப்பனார் பொருட்படுத்தியதன் பலனைத்தான் இன்றைக்கு உலகத்துச் சைக்கிள்களெல்லாம் அநுபவிக்கின்றன. "கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும், பழகிக்கொள்" என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம். குழந்தையின் சைக்கிளில் இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். 15 மில்லிமீட்டர் ஸ்பானர் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். இல்லையென்றால் தெருமுனைப் பஞ்சர்க் கடையில் இரண்டு நிமிஷ வேலை. வலப்புறப் பெடலைக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகவேண்டும். இடப்புறப் பெடலின் மரை நேர்மாறானது. கடிகார முள் சுற்றும் திசையிலேயே திருகினால்தான் கழலும். இது தெரியாமல் இடப்புறத்தில் பலங்கொண்ட மட்டும் திருகி, பெடலை முன்னிலும் இறுக்கிவிட்டுச் சைக்கிள் கம்பெனியைத் திட்டும் தகப்பனார்கள் அநேகர். பக்கச் சக்கரங்கள் இருந்தால் அவற்றையும் கழற்றிவிடவேண்டும். பக்கச் சக்கரம் மாட்டிய வண்டி சாய்வதே இல்லை. ஆகையால் சாய்ந்தால் என்ன செய்வது என்பதை அது ஒருநாளும் கற்றுத்தராது. பிறகு, இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுதாகப் படும்வரை ஸீட்டை இறக்குங்கள். அவ்வளவுதான், கார்ல் திரைஸின் வண்டி உங்கள் வாசலில் தயார்.

இப்போது அது விழக்கூடிய வண்டி அல்ல. உட்கார்ந்துகொண்டே நடக்கும் வண்டி. கால் எப்போதும் தரையில் இருப்பதால் குழந்தைக்கு நம்முடைய தைரிய வசனங்கள் தேவையில்லை. முதல் நாள் நடக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் ஓடும். பிறகு, ஓட்டத்தின் நடுவே, தன்னை அறியாமலே இரண்டு காலையும் தூக்கிவிடும். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே பிடியைத் திருப்பினால், சக்கரம் மறுபடியும் உடம்புக்கு நேர் கீழே வந்து தாங்கிக்கொள்கிறது. இருசக்கர வித்தை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் தயவுசெய்து இதைக் குழந்தைக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். யோசித்துத் திருப்புகிறவனுடைய புத்தி எதிர்ப்பக்கமே திருப்பச் சொல்லும். கைகால்களை அவற்றின் போக்கில் விட்டுவிட்டால் அவையே கற்றுக்கொள்ளும். பள்ளிக்கூட மைதானம், லேசான சரிவுள்ள தரை, நாள் ஒன்றுக்கு இருபது நிமிஷம் போதும். குழந்தை "இன்னும் கொஞ்சம், அப்பா" என்று கேட்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிடுவது நல்லது. அடுத்த நாள் அதுவே நம்மை எழுப்பும்.

இரண்டு காலையும் தூக்கியபடி பத்து எண்ணும் வரையில் போக முடிந்தால் பெடலை மாட்டலாம். அதற்குமுன் நிறுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிரேக்கைப் பிடிக்கக் குழந்தையின் விரல் எட்டுகிறதா என்று நாமே பார்க்கவேண்டும். எட்டாவிட்டால் பல வண்டிகளில் அந்த நெம்பைக் கிட்டே கொண்டுவர ஒரு சிறு திருகாணி உண்டு. நிறுத்தத் தெரியாமல் ஓடுவது யாருக்கும் பயம்தான். பெடல் மாட்டிய முதல் நாள் துணைக்கு ஓட வேண்டியிருந்தால், குழந்தையின் முதுகிலோ தோளிலோ லேசாகக் கை வையுங்கள். ஹாண்டில் பாரைப் பிடித்தீர்களானால் ஓட்டுகிறவர் நீங்கள். குழந்தை வெறும் சுமை.

மூன்றாவது காரணத்தை எழுதுவதற்குச் சிறிது கூச்சமாயிருக்கிறது. காரணம், நம்முடைய வாய். "எதிர்வீட்டுப் பையனைப் பார், உன்னைவிட ஒரு வயது சின்னவன்!" என்ற வாக்கியத்தால் உலகத்தில் எந்தக் குழந்தையும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் வாயோடு கைபேசியும் சேர்ந்துகொண்டது. எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் ஒருவன். ஓட்டப்பந்தயத்தில் புலி. மரத்தில் ஏறினால் இறக்குவதற்கு ஆள் வேண்டும். சைக்கிளை மட்டும் தொடமாட்டான். ஒருநாள் தனியாக அகப்பட்டபோது விசாரித்தேன். "நான் விழுந்ததை அப்பா படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார், ஸார். சித்தி, மாமா எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்" என்றான். அந்தத் தகப்பனார் குழந்தையிடம் உயிரையே வைத்திருப்பவர். பெருமையாகத்தான் படம் பிடித்திருப்பார். பார்த்தவர்களும் ஆசையாகத்தான் சிரித்திருப்பார்கள். ஆனால் எட்டு வயது மானம் அதையெல்லாம் அறியுமா? மைதானத்துக்குப் போகும்போது கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என்று ஒரு நியமம் ஏற்படுத்திக்கொண்டால் பாதி யுத்தம் ஜயித்ததற்குச் சமானம்.

மீதிப் பாதியை ஜயிப்பதற்கு ஒரு வழி உண்டு. அது எங்கள் வீட்டிலேயே பார்த்தது.

எங்கள் இளைய பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. சைக்கிள் என்றாலே சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளுடைய தாயாருக்கும் சைக்கிள் விடத் தெரியாது. சிறு வயதில் பிறந்த வீட்டில் விடவில்லை. பிறகு அவகாசம் இல்லை. ஒருநாள் அவள், "நான் கற்றுக்கொள்ளப் போகிறேன். நீ வந்து பிடித்துக்கொள்ளடி" என்று பெண்ணைத் துணைக்குக் கூப்பிட்டாள். விடியற்காலை மைதானத்தில் முப்பத்தெட்டு வயதுத் தாயார், பெடல் கழற்றிய சைக்கிளில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காலால் உதைத்து உதைத்துப் போனதைப் பார்த்து முதல் நாள் பெண் சிரித்தாள். இரண்டாம் நாள் யோசனை சொன்னாள்: "கீழே பார்க்காதே அம்மா! தூரத்திலே பார்!" மூன்றாம் நாள், "தள்ளு, நான் காட்டுகிறேன்" என்று தன் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூலையில் ஒளிந்துகொள்ளும் குழந்தைக்கு உபாத்தியாயர் பதவி கொடுத்துப் பாருங்கள். அதன் குணமே மாறிவிடும்.

தாய்மார்கள் கற்பது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். புதுக்கோட்டை ஜில்லாவில் அதைச் செய்து காட்டியாயிற்று. 1991-ல் அங்கே கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வேலையோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் சேர்த்தார். ஒன்றரை வருஷத்தில் லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகவும், அவர்களில் 70,000 பேருக்கு மேல் பகிரங்கமாகப் போட்டிகளில் ஓட்டிக் காட்டியதாகவும் பத்திரிகையாசிரியர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992-ஆம் வருஷ மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் அணிவகுத்து ஓட்டியபோது புதுக்கோட்டை நகரம் பிரமித்துப் போயிற்றாம். அவர் குறிப்பிடும் ஒரு சிறு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டவர்களில் சிலர், அதுவே சிலாக்கியம் என்றார்களாம். காரணம், ஸீட்டிலிருந்து பிடிவரை குறுக்கே ஓடும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாம் அல்லவா? நகரத்து மத்தியதர வீடுகளில் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் அவளுடைய சைக்கிளைப் பூட்டிச் சாவியைப் பீரோவில் வைத்துவிடுவது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. தாயாரும் ஓட்டுகிற வீட்டில் அந்தச் சாவியைக் கேட்பதற்கு யாருக்கு வாய் வரும்?

வயதானவர்களுக்கும் ஒரு வார்த்தை. ருஷிய ஞானியான டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 1895-ல், தமது 67-ஆம் வயதில். ஏழு வயது நிரம்பாத கடைசிப் பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் ஆறாத சமயம் அது. ஊரார் என்ன சொல்வார்கள் என்று அவர் பார்க்கவில்லை.

"இதெல்லாம் சரி ஐயா, பழகிய குழந்தையை எங்கே கொண்டுபோய் விடுவது? சாலையிலா?" என்று கேட்கிறீர்கள். இந்தப் பயத்தைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே குழந்தையை விட்டுவிட்டுத் தைரியம் பேசுவது தைரியம் அல்ல. ஹாலந்து தேசத்தில் சின்னக் குழந்தைகளெல்லாம் தனியே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று வியந்து பேசுகிறோம். அந்தத் தேசத்திலும் 1971-ஆம் ஒரே வருஷத்தில் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்துகளில் மாண்டார்கள்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதன் பிறகு பெற்றோர்கள், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்துத் தெருவில் இறங்கினார்கள். பின்னால் பல வருஷ காலத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் விரிவாயின. ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் அந்நாட்டுக் குழந்தைகள் உண்மையான சாலையில் ஓட்டிக்காட்டிப் பரீட்சை கொடுக்கிறார்கள். அந்தப் பாதைகள் தாய் தகப்பன்மார்கள் கேட்டு வாங்கியவை. நமது முனிசிபாலிடிகளிடம் நாமும் கேட்கத்தான் வேண்டும். அதுவரையில் நேரத்தையும் வழியையும் நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, கிழக்கு நன்றாக வெளுத்த பிறகு. வழி என்றால் வாய்க்கால் கரை, ஆற்றங்கரை, வண்டி நடமாட்டம் குறைந்த கிராமத்துச் சாலை. பெரியவர்கள் இருவர் இருந்தால் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. ஒருவர் மட்டும் இருந்தால் அவர் குழந்தைக்குப் பின்னால், சற்று வலப்புறமாக வரவேண்டும். மற்ற வண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகட்டும். தலைக்கவசம் புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே மட்டமாக உட்கார்ந்து, வார் மோவாயின் கீழ்ப் பொருந்தியிருக்க வேண்டும். பின்னந்தலையில் தொப்பி மாதிரி தொங்கும் கவசம் அலங்காரத்துக்குத்தான் உதவும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும்.

வேகத்தைத் தீர்மானிக்கவேண்டியவர் கூட்டத்தில் மிகச் சின்னவர். இது ஒன்றில் மட்டும் சமரசம் கூடாது. தகப்பனார் இரண்டு பர்லாங்கு முன்னால் போய் நின்றுகொண்டு, குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த நிமிஷத்தில், "சரி, போகலாமா?" என்று மறுபடி மிதிக்கத் தொடங்குகிறார். தகப்பனாருக்கு இளைப்பாறல், குழந்தைக்கு ஒரு நிமிஷங்கூட இல்லை. இப்படி இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தால், மூன்றாவது ஞாயிறு குழந்தைக்கு வயிற்றுவலி வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம்.

போகிற இடமும் குழந்தைக்கு ருசிக்க வேண்டும். "உடம்புக்கு நல்லது" என்பது நாற்பது வயதுக்காரர்களின் காரணம். ஏழு வயதுக்கு ஒரு பாலம், ஒரு வாத்துக் கூட்டம், ஒரு தின்பண்டக் கடை இருந்தால் போதும். இந்த விஷயத்தில் தஞ்சாவூர்க்காரர்கள் அதிருஷ்டசாலிகள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டவேண்டும். ஊருக்கே அதனால்தான் பெயர் என்று சொல்வார்கள். பெண்ணுக்குச் சைக்கிள் நன்றாகப் பழகிய பிறகு அவளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எந்த ஆற்றோடு போதும் என்று அவள் சொல்கிறாளோ, அங்கேயே எல்லோரும் திரும்பிவிடுவது, காரணம் கேட்பதில்லை, 'இன்னும் ஒன்றுதானே' என்று சொல்வதில்லை.

முதல் தடவை வெண்ணாற்றில் 'போதும்' என்றாள். திரும்பிவிட்டோம். கட்டிக்கொண்டு போன இட்டிலியைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் பிரயாணத்தின் முக்கிய சம்பவம். அவள் அண்ணனுக்கு இது சகிக்கவில்லை. "இதற்காகவா நாலரை மணிக்கு எழுப்பினீர்கள்?" என்று முனகினான். அவனுக்குத் தனியாக ஒரு நாள் தருவதாகச் சொல்லிச் சமாதானப்படுத்தினோம். அடுத்த தடவை வெட்டாறு. அங்கே பாலத்தின் கீழ் ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் போயிற்று. குடமுருட்டியில் ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் தொப்பலாக நனைந்து வீடு திரும்பியதை இன்றைக்கும் அவள் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். தை மாதத்துப் பனிக்காலை ஒன்றில்தான் ஐந்தாவது பாலத்தை எட்டினோம். காவிரியின் நடுவே வண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐந்து!" என்றாள். யாரும் அவளைக் கைதட்டிப் பாராட்டவில்லை. பசி! கடைத்தெருவில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அசோகா வாங்கித் தின்றோம். பயத்தம் பருப்பில் செய்யும் அந்தத் தஞ்சாவூர்ச் சிமைப் பண்டத்துக்கு நிகர் உலகத்தில் இல்லை என்பது எனது சொந்த அபிப்பிராயம்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. 'குட்டி யானை' என்று எல்லோரும் சொல்லும் சிறு சாமான் வண்டி ஒன்றில் நாலு சைக்கிளையும் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் பஸ்ஸில் வந்தோம். எங்கள் சுற்றத்தார் ஒருவர் இதைக் கேட்டு, "அப்படியானால் பாதிதானே ஓட்டினாள்?" என்றார். இப்படிப்பட்டவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. அவர்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

நடைமுறைக்கு இன்னும் இரண்டொரு விஷயம். வாரம் ஒரு தடவை டயரை விரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடிக்கும் வேலையைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். சிறு பம்பு விலை அதிகமில்லை. காற்றிறங்கிய சைக்கிளை மிதிப்பது மணலில் நடப்பதற்குச் சமானம். பல குழந்தைகளுக்கு 'சைக்கிள் பிடிக்காமல்' போனதற்கு வேறு காரணமே இருப்பதில்லை. செயினுக்கு மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் உதவாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவிடும். ஸீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம், ஓர் அங்குலம் உயர்த்திக்கொண்டே வரவேண்டும். முழங்கால் மார்பில் இடிக்க மிதிக்கும் குழந்தை சீக்கிரம் களைத்துவிடும். ஸீட்டின் கம்பியில் குறித்திருக்கும் கடைசிக் கோட்டை எட்டியதும் அந்த வண்டியின் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது அதை மறுபடி மாடிப்படியின் கீழே சாத்தவேண்டாம். தம்பிக்கோ, அத்தை பிள்ளைக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தைக்கோ கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது டயருக்குக் காற்றடித்து, ஸீட்டை அடிவரையில் இறக்கி, பெடல் இரண்டையும் கழற்றித் தனியே ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள்.